இடமும் ஏடும்: ரூபெட்சால், லோரெலை ஆகிய ஜெர்மானியப் பழமரபுக் கதைகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஜெர்மானிய நாட்டார் இலக்கியம் என்றவுடன் கிரிம் உடன்பிறந்தார் இருவரின் பெயர் நினைவிற்கு வருதல் இயல்பு. யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்னும் அவ்விருவரையும் நம்மவர் பெரும்பாலும் சிறுவர் விரும்பிப் படிக்கும் மாயக்கதைகளைத் தொகுத்தோர் என்ற அளவிலேயே அறிவர். 1812-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய அம்மாயக்கதைத் தொகுதியின் புகழ், அவர்களே 1816-இலும் 1818-இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட பிறிதொரு தொகுதியை மறைத்துவிட்டது. 'ஜெர்மானியப் பழமரபுக் கதைகள்' எனப் பொருள்படும் பெயருடைய அந்நூலில் 585 கதைகள் அடங்கியுள்ளன. ஆற்றில் வாழும் அணங்குகள், சுரங்கத்துக் குள்ளர்கள், இரவில் வானில் ஆரவாரித்துச் செல்லும் பேய்வேட்டை, புதையல் காக்கும் பூதங்கள் ஆகியன பற்றி ஊர்தோறும் மலைதோறும் வழங்கிய செய்திகள் முதற்பகுதியில் இடம்பெற்றன. அரசர், குடிகள் முதலியோரின் வரலாற்றோடு ஒட்டியவை இரண்டாம் பகுதியில் அமைந்தன.

இத்தொகுதியில் எவை உள்ளன என்பதைப் பலரும் ஆராய்ந்துள்ளனர். எவை இல்லை என்பதும் ஆராய்தற்குரியதே. சைலீசியாவின் எல்லையில் ஓங்கி நிற்கும் ரீசென்கெபிர்கே மலையின் பூதமாகிய ரூபெட்சாலைப் பற்றிய கதைகளைத் தாம் வேண்டுமென்றே விடுத்ததாகவும், அவை தனித்தொகுதியாதற்கு ஏற்றன என்றும் தொகுப்பாளர் தம் முன்னுரையிலேயே கூறியுள்ளனர். ரைன் ஆற்றங்கரைக் கதைகள் சிலவற்றையும், அவற்றை வேறொருவர் வெளியிட இருத்தலைக் கருதி, அவர்கள் விடுத்தனர். காரணம் எதுவாயினும் ஆகுக. ஜெர்மானிய மலைப்பூதங்களுள் பெரும்புகழ் பெற்ற ரூபெட்சால் அத்தொகுதிக்குப் புறத்தே நின்றான். ரைன் கரையில் உலகப்புகழ் பெற்ற அணங்காகிய லோரெலையோ அந்நாளில் மக்கள் வழக்கில் வேரூன்றியிருக்கவில்லை. புலவர்தம் ஏட்டில் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தாள்.

இவ்விரு கதைகளையும் எதிரெதிர் நிறுத்தி நோக்கின், பழமரபுக் கதை என்பதன் இலக்கணத்தையே மீண்டும் ஆராய வேண்டியதாகும். மக்கள் வாய்மொழியில் பிறந்தது உண்மை மரபு, எழுத்தாளர் ஏட்டில் பிறந்தது போலி மரபு என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1. பழமரபுக் கதையின் இயல்பு

மாயக்கதை பாட்டின் இயல்பும் பழமரபுக் கதை வரலாற்றின் இயல்பும் மிகுதியாக உடையன என்பது கிரிம் உடன்பிறந்தார் வகுத்த வேறுபாடு. மாயக்கதை எவ்விடத்தும் எக்காலத்தும் நிகழக்கூடும். பழமரபுக் கதையோ அறிந்ததொரு மலை, குளம், பாறை, தெரு, மாந்தர் பெயர் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டே நிற்கும். அதனை விட்டுப் பெயருமாயின் அதன் உயிர் குன்றும்.

இதற்குச் சிறந்ததொரு சான்று ஹாமெலின் நகரத்துக் குழலூதியின் கதை. எலிகளை ஓட்டியவனுக்குப் பேசிய கூலி கொடுக்கப்படவில்லை. அவன் 130 சிறாரைக் குழலிசையால் ஈர்த்துச் சென்று மலையினுள் மறைந்தான். இந்நிகழ்ச்சி 1284-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் நடந்தது என நாளும் குறிக்கப்பட்டுள்ளது. சிறார் சென்ற வழியென அந்நகரில் ஒரு தெரு காட்டப்படுகிறது. அத்தெருவில் மேளம் கொட்டுதல் ஆகாது என்னும் வழக்கமும் அதன் பெயரிலேயே பொதிந்துள்ளது. நம்ப மறுப்பவனுக்குக் கதைசொல்வோன் காட்டும் சான்று அத்தெருவே ஆகும்.

சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூத்தி 1947-இல் வெளியிட்ட ஐரோப்பிய மாயக்கதை பற்றிய நூலில் மற்றொரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார். மாயக்கதைத் தலைவன் பேசும் விலங்கையோ சூனியக்காரியையோ கண்டு வியப்பதில்லை, அஞ்சுவதும் இல்லை. அவனுக்கு இவ்வுலகும் மறுவுலகும் ஒரே தளத்தில் அமைந்தவை. பழமரபுக் கதையிலோ மறுவுலகு குறுக்கிடும்போது மாந்தன் நடுங்குகிறான், நோயுறுகிறான், சிலபோது இறந்தும் படுகிறான். இடப்பற்று, பெயர்ப்பற்று, அச்சம் ஆகிய இம்மூன்றையும் பழமரபுக் கதையின் உறுப்புகளாகக் கொண்டு மேலே செல்வோம். வாய்மொழிப் பிறப்பு என்பது இம்மூன்றனுள் அடங்கவில்லை என்பது கருதத்தக்கது. கிரிம் உடன்பிறந்தாரும் தம் தொகுதியின் பெரும்பகுதியைப் பழைய அச்சு நூல்களிலிருந்தும் வரலாற்றுக் குறிப்புகளிலிருந்துமே எடுத்தனர்.

2. ரூபெட்சால்: மலையிலிருந்து ஏட்டிற்கு

ரீசென்கெபிர்கே என்பதற்குப் 'பேருருவர் மலை' என்பது பொருள். அதன் மிக உயர்ந்த கொடுமுடி 1,603 மீட்டர் உயரமுடையது. எல்பெ ஆறு அம்மலையிலேயே தோன்றுகிறது. வெயில் எறிக்கும்போதே மூடுபனி கவியும். காற்றும் இடியும் எதிர்பாரா வகையில் வந்து தாக்கும். இத்தகைய மலையில் வழிபோவோரின் அச்சம் ஓர் உருவம் பெறுதல் வியப்பன்று.

அவ்வுருவத்தின் மிகப் பழைய படம் மார்ட்டின் ஹெல்விக் என்பார் 1561-இல் வெளியிட்ட சைலீசிய நிலப்படத்தில் காணப்படுகிறது. அம்மலைப்பகுதியில் கொம்பும் வாலும் விலங்கின் கால்களும் உடைய ஓர் உரு கையில் கோலூன்றி நிற்க, அருகே ரூபெட்சாலின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஊர்களையும் ஆறுகளையும் காட்டும் நிலப்படத்திலேயே பூதமும் இடம்பெற்றமை நோக்கத்தக்கது. அம்மலை எத்துணை உண்மையோ அத்துணை உண்மையாக அப்பூதமும் கருதப்பட்டது என்பது இதனால் புலனாகும்.

இதன்பின் நூறாண்டு கழித்து லைப்சிக் நகரத்து எழுத்தாளர் யொஹான்னஸ் பிரெட்டோரியஸ் 1662 முதல் 1665 வரை மூன்று பகுதிகளாக ரூபெட்சால் பற்றிய நூலை வெளியிட்டார். அம்மலையில் மூலிகை திரட்டி விற்போர் பூதத்தைப் பற்றிக் கூறியவையும், பழைய நூல்களிற் கண்டவையும், தாமே புனைந்தவையும் அதில் விரவிக் கிடக்கின்றன. பூதம் துறவியாகவும் வேட்டுவனாகவும் வருகிறான். எள்ளியவரை வழிதவறச் செய்து மழையாலும் இடியாலும் அலைக்கிறான். எளியவர்க்கு அவன் தந்த இலைகள் பின்னர்ப் பொன்னாகின்றன. பிற இடங்களில் வழங்கிய கதைகளையும் பிரெட்டோரியஸ் ரூபெட்சால்மேல் ஏற்றினார் எனப் பிற்கால ஆய்வாளர் குறை கூறினர். அக்குறை உண்மையே. ஆயினும், வேற்றிடத்துக் கதையை ஏற்றுங்கால் அதனை இம்மலையின் பாறைக்கும் வானிலைக்கும் பொருத்தியே அவர் ஏற்றினார். இடப்பற்று என்னும் உறுப்பு அவர் கையில் சிதையவில்லை.

பூதத்தின் பெயர் பற்றியும் பிரெட்டோரியஸ் 1672-இல் தனிநூல் ஒன்று எழுதினார். நூறு சொற்பிறப்பு விளக்கங்களைத் தருவதாகச் சொல்லும் அந்நூல் பெரிதும் நகைவிளைப்பது. ஆயினும், பெயர் அந்நாளிலேயே விளங்காச் சொல்லாகிவிட்டது என்பதற்கு அது சான்றாகும். 'ரூபெ' என்பது டர்னிப் கிழங்கைக் குறிக்கும். 'ட்சால்' என்பதை எண் என்று கொள்வாரும் உளர். இடைக்கால ஜெர்மன் மொழியில் வாலைக் குறித்த 'ட்சாகெல்' என்னும் சொல்லின் திரிபு என்று கொள்வாரும் உளர். 1561-ஆம் ஆண்டுப் படத்தில் வால் தெளிவாக வரையப்பட்டிருத்தல் பின்னைய விளக்கத்திற்குத் துணையாகிறது. பெயர் எப்படிப் பிறந்ததாயினும், மலைவாழ்நர் அதனை வாய்விட்டு உரையார். 'மலைகளின் தலைவர்' என்றும் 'யோவான் ஐயா' என்னும் பொருள்படவும் வழங்குவர். பெயரைச் சொல்லி விளித்தவன் புயலில் சிக்குவான் என்பது நம்பிக்கை. இங்கு மூன்று உறுப்புகளும் ஒருங்கே நிற்கின்றன.

3. முசேயஸின் கிழங்குக் கதை

வைமார் நகரில் ஆசிரியராக விளங்கிய முசேயஸ் 1782 முதல் வெளியிட்ட கதைத்தொகுதியில் ரூபெட்சால் பற்றிய கதைகள் ஐந்து உள. அவற்றுள் முதலாவது பெயர்க்காரணம் கூறுவது. மலைப்பூதம் எம்மா என்னும் இளவரசியைக் கண்டு காதல்கொண்டு தன் பாதாள அரண்மனைக்குக் கவர்ந்து செல்கிறது. அவளது தனிமை நீங்கக் கூடை நிறைய டர்னிப் கிழங்குகளையும் ஒரு கோலையும் தருகிறது. கோலால் தொட்ட கிழங்கு அவள் விரும்பிய தோழியின் உருவம் கொள்ளும். ஆயின் சில நாட்களில் தோழியர் அனைவரும் முதுமையுற்றுத் தளர்கின்றனர். கிழங்கின் சாறு வற்றிவிட்டது. புதுக்கிழங்கு விளையப் பூதம் வயலையே உண்டாக்குகிறது. இளவரசி அவ்வயலின் கிழங்குகளைப் பிழையின்றி எண்ணிவரச் சொல்கிறாள். அது எண்ணுந்தோறும் தொகை மாறுபட, மீண்டும் மீண்டும் எண்ணிக்கொண்டிருக்கையில், ஒரு கிழங்கைக் குதிரையாக்கி அவள் தன் காதலனிடம் விரைந்தோடுகிறாள். 'கிழங்கெண்ணி' என்னும் பட்டம் இவ்வாறு பூதத்திற்கு வாய்த்தது என்பது கதை.

முசேயஸ் மக்கள் நம்பிக்கையைத் தம் நகைச்சுவைக்குக் கருவியாக்கினார் என்பர் சிலர். இக்குற்றச்சாட்டை முற்றும் மறுத்தல் இயலாது. சொல்ல அஞ்சிய பெயர் இங்குச் சிரித்துச் சொல்லும் பெயராயிற்று. மாந்தரை நடுக்கிய பூதம் ஒரு பெண்ணால் ஏமாற்றப்பட்ட காதலனாயிற்று. அறிவொளிக் காலத்து வைமார் நகரத்தார் பூதத்திற்கு அஞ்சார். அவர்களுக்காக எழுதியவரும் அஞ்சவில்லை. லூத்தி கூறும் அச்சம் இக்கதையில் இல்லை.

எனினும் கதையின் இறுதியை நுணுகி நோக்குதல் வேண்டும். ஏமாந்த பூதம் ஓடும் இளவரசியைத் துரத்திச் சென்று, மேகங்களைத் திரட்டி இடியை ஏவுகிறது. அவ்விடி எல்லையில் நின்ற ஆயிரமாண்டு ஓக் மரத்தைப் பிளக்கிறது. அவ்வெல்லைக்கு அப்பால் பூதத்தின் சினம் செல்லவில்லை, இளவரசி தப்புகிறாள். தன் மலையெல்லைக்குள் மேகத்தையும் இடியையும் ஏவும் பூதம் அதனைக் கடந்து ஓரடியும் ஆற்றலுடையதன்று. மாயக்கதைப் பூதமாயின் ஏழு கடல் தாண்டியும் துரத்தும். முசேயஸ் நகைத்தாரேனும், பழமரபுக் கதையின் உயிர்நாடியாகிய இடவரையறையை நன்குணர்ந்திருந்தார் என்பதற்கு அவ்வெல்லை மரமே சான்று. இதனை நோக்காது அவரை மரபைக் கெடுத்தவர் என ஒதுக்குதல் முறையாகாது.

4. லோரெலை: ஏட்டிலிருந்து பாறைக்கு

லோரெலையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. ரைன் ஆற்றின் வலக்கரையில் சாங்ட் கோவார்ஸ்ஹௌசென் என்னும் ஊருக்கருகே 132 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாறை அது. ஆறு அங்குக் குறுகி வளைந்து ஓடுதலின் படகோட்டிகளுக்கு இடர் மிகுந்த இடம். பாறை எழுப்பும் எதிரொலி நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. பாறையின் பெயர் பழமையானது, எதிரொலி பழமையானது, பெண்ணுருவோ பழமையானதன்று.

கிளெமென்ஸ் ப்ரெண்டானோ 1801-இல் வெளியிட்ட 'கோட்வி' என்னும் நாவலில் அமைத்த கதைப்பாட்டிலேயே அப்பெயருடைய பெண் முதலில் தோன்றுகிறாள். அங்கு அவள் ஆற்றணங்கு அல்லள். பாக்கராக் ஊரைச் சேர்ந்த மானிடப்பெண். தன் அழகால் ஆடவர் பலர் அழிதலைக் கண்டு வருந்தித் தான் இறக்க விரும்புகிறவள். இறுதியில் பாறையிலிருந்து ஆற்றில் வீழ்கிறாள். பின்வந்த புலவர் கைகளில் அவள் பாறைமேல் அமர்ந்து பாடி ஓடக்காரரை மயக்கும் அணங்காயினாள். ஹைன்ரிஹ் ஹைனே 1824-இல் வெளியிட்ட பாட்டு அவ்வுருவத்தை நிலைநாட்டியது. அப்பாட்டில் கவிஞர் இக்கதையைத் தாம் மறக்கவியலாத பழங்கதை என்றே குறிப்பிடுகிறார். அப்போது அதன் அகவையோ கால்நூற்றாண்டிற்கும் குறைவு. ஃபிரீட்ரிஹ் ஜில்ஷர் 1837-இல் அதற்கு அமைத்த இசை, பாட்டை நாடெங்கும் பரப்பியது. படிப்பவரும் பாடுபவரும் விரைவில் அதனை நாட்டார் பாடலாகவே எண்ணலாயினர்.

ரூபெட்சால் மலையிலிருந்து ஏட்டிற்குச் சென்றான். லோரெலை ஏட்டிலிருந்து பாறைக்கு வந்தாள். அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் டார்சன் 1950-இல் போலி நாட்டார் வழக்காறு என்னும் பொருள்படும் புதுச்சொல் ஒன்றைப் படைத்து, எழுத்தாளர் புனைந்து மக்கள்மேல் ஏற்றும் கதைகளைக் கடிந்தார். அவரது அளவுகோலின்படி லோரெலை போலி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பாறை ஏன் அக்கதையை ஏற்றது என்னும் வினாவிற்கு அவ்வளவுகோல் விடை தாராது. எதிரொலி கேட்டவர் மறைவில் ஒரு குரலை முன்னரே உணர்ந்திருந்தனர். படகு உடைந்த இடம் ஒரு காரணத்தை வேண்டி நின்றது. ப்ரெண்டானோ அவ்விடத்திற்கு ஓர் உருவம் தந்தார். இடம் அதனைப் பற்றிக்கொண்டது. அதே புலவர் அப்பெண்ணை ஏதேனும் ஒரு சமவெளியில் நிறுத்தியிருப்பாராயின் அவள் இத்துணைப் புகழ் பெற்றிருப்பாள் எனக் கருதுதற்கு இடமில்லை.

5. மக்கள் நீங்கிய மலை

இதுகாறும் கூறியவற்றைச் சோதித்தறிய வரலாறே கொடியதொரு வாய்ப்பை ஏற்படுத்தியது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் சைலீசியாவின் பெரும்பகுதி போலந்தின் ஆட்சிக்குட்பட்டது. 1945-க்கும் 1947-க்கும் இடையே அம்மலையின் இருபுறத்தும் வாழ்ந்த ஜெர்மானியருள் மிகப் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். வடபுறத்தே போலிஷ் மக்களும் தென்புறத்தே செக் மக்களும் குடியேறினர். ரூபெட்சாலைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வாய்கள் அம்மலையில் இல்லாதொழிந்தன. வாய்மொழியே மரபின் உயிர் என்பது உண்மையாயின், பூதமும் அவர்களோடு மலையை விட்டு அகன்றிருத்தல் வேண்டும்.

நிகழ்ந்தது அஃதன்று. செக் மக்களிடை அப்பூதம் 'க்ரகோனோஷ்' எனப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கிற்கு வந்துவிட்ட இப்பெயர், மலையின் செக் பெயராகிய 'க்ரகோனோஷெ' என்பதிலிருந்து அமைந்தது. போலிஷ் மொழியில் 'மலைகளின் ஆவி' என்னும் பெயரோடு 'லிச்சிஜெபா' என்னும் பெயரும் வழங்குகிறது. இப்பின்னைய பெயருக்குக் 'கிழங்கெண்ணி' என்பதே பொருள்.

இப்போலிஷ் பெயர் நம் ஆய்விற்கு மிக இன்றியமையாதது. பழைய வாய்மொழி வழக்கே புதியோர்க்குக் கைம்மாறியிருப்பின், அவர்கள் அறிந்திருக்க வேண்டியது சொல்லத்தகாத பெயரையும் அதற்கு மாற்றாக வழங்கிய மதிப்புப் பெயரையுமே ஆகும். வாலுடைய பூதத்தின் பெயரே மொழிபெயர்க்கப்பட்டிருப்பின் அதில் வால் இருந்திருக்கும். மொழிபெயர்க்கப்பட்டதோ முசேயஸ் வழியே நிலைபெற்ற கிழங்கெண்ணும் கதை. மக்கள் நீங்கிய மலையில் பூதத்தின் பெயரை அடுத்த மொழியினரிடம் சேர்ப்பித்தது, மரபைக் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஏடே. செக் பெயர் மலையைப் பற்றிப் பிறந்தது; போலிஷ் பெயர் ஏட்டைப் பற்றிப் பிறந்தது. இடமும் ஏடும் ஆகிய இவ்விரண்டுமே பூதத்தை அங்கு நிலைநிறுத்தின.

வெளியேறிய ஜெர்மானியரிடமும் கதைகள் அழிந்துவிடவில்லை. ரிச்சர்ட் கூனௌ 1910 முதல் 1913 வரை நான்கு தொகுதிகளாகவும், வில்-எரிஹ் பொய்க்கர்ட் 1924-இல் தனிநூலாகவும் சைலீசியக் கதைகளைத் தொகுத்து வைத்திருந்தனர். ஆனால் மலையைக் காணாத தலைமுறைக்கு அக்கதைகள் வேறு பொருள் தருவனவாயின. புதிய ஊரில் வளரும் சிறுவனுக்குப் பாட்டி ரூபெட்சால் கதை சொல்லும்போது, சன்னல் வழியே சுட்டிக்காட்ட அவளுக்குக் கொடுமுடி இல்லை. அவன் கேட்பது மாயக்கதை. அவள் சொல்வது இழந்த ஊரின் நினைவு. கதைச்சொற்கள் மாறாதிருந்தும் கதையின் வகை மாறிவிட்டது. சொன்னவர் மாறி இடம் மாறாதபோது பழமரபுக் கதை எஞ்சியது; சொன்னவர் மாறாமல் இடம் மாறியபோது அது வேறாயிற்று. இவ்வகைக் கதைக்கு இடமே முதன்மையானது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

6. ஒரு தடை

இங்கு ஒரு தடை எழுதல் கூடும். இக்காலத்து அம்மலையூர்களில் பூதத்தின் மரச்சிற்பங்கள் விற்பனைக்குள்ளன. பயணியர் அதனுடன் படமெடுத்துக்கொள்கின்றனர். ரைன் பள்ளத்தாக்கு 2002-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்த பின்னர், லோரெலைப் பாறையும் காட்சிப்பொருளாகவே போற்றப்படுகிறது. பெயரும் இடமும் எஞ்சின. அச்சம் எங்கே எனக் கேட்பாரும் உளராவர்.

இத்தடை வலியுடையதே. மூன்று உறுப்புகளுள் ஒன்று குறைந்துவிட்டது என்பதை ஒப்புதல் வேண்டும். ஆயின் அக்குறை குடிபெயர்ச்சியாலோ ஏட்டாலோ நேர்ந்ததன்று. முசேயஸைப் படித்து நகைத்தவர் அம்மொழியினரே; 1561-இல் பூதத்தை நிலப்படத்தில் வரைந்த நம்பிக்கை 1782-இலேயே தளர்ந்திருந்தது. மேலும், அச்சம் முழுவதும் மறைந்ததாகவும் கூறவியலாது. அம்மலையின் வானிலை இன்றும் நொடியில் மாறுவது. மூடுபனியில் வழிதவறுவோர் இன்றும் உளர். அத்தகைய வேளையில் மலையை ஓர் ஆளாக எண்ணி அதன் சினத்தைப் பேசும் வழக்கிற்கு இடம் இருந்துகொண்டே இருக்கிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, பழமரபுக் கதையின் உண்மையை அதன் பிறப்பிடம் வாயா ஏடா என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. அஃது ஓரிடத்தை எவ்வாறு பற்றிநிற்கிறது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். இரண்டு, பிரெட்டோரியஸ், முசேயஸ், ப்ரெண்டானோ போன்றோரை மரபின் பகைவர் எனக் கொள்ளாது, மரபின் வழியில் ஒரு கண்ணியாகக் கொண்டு அவர்தம் படைப்புகளைத் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும். மூன்று, தொகுப்பாளர் சேர்த்தவற்றோடு விடுத்தவற்றையும் ஆய்வாளர் நோக்குதல் கடன். கிரிம் உடன்பிறந்தார் புறத்தே விடுத்த பூதமே, அவர்கள் வகுத்த இலக்கணத்தின் வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டி நிற்கிறது. இடப்பற்று என்று அவர்கள் கூறியது உண்மையாயிற்று. மக்கள் போயினும் மலை தன் கதையை விடாது என்பதை 1816-இல் அவர்கள் அறிந்திருக்க இயலாது.